ஹால் டிக்கெட் மேடம்

‘முடியாது’ என்ற சொல்லை வாயில் வைக்காமலே ஒருவர் கல்லூரி ஃபீஸ் செக்‌ஷனில் இருபத்தேழு வருஷம் உத்தியோகம் பார்க்க முடியுமா? ஒரு அம்மாள் பார்த்தார். அதற்கு நான் சாட்சி. என்னைப் போல இன்னும் நூறு பேராவது சாட்சி சொல்லக் கிடைப்பார்கள், அதில் பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள்.

அடையாறில் இருந்த எங்கள் கல்லூரியில் கண்ணாடிக் கதவு போட்ட அட்மிஷன் ஹால் ஒன்று உண்டு. சேர வரும்போது அங்கே உட்கார வைத்து, ஏ.சி. போட்டு, ஜூஸ் கொடுப்பார்கள். சேர்ந்து முடித்த பிறகு நமக்கு வாய்த்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஃபீஸ் செக்‌ஷன்தான். உயரமானவர்கள் குனிந்து போக வேண்டும். உள்ளே மூன்று மேஜைகள். முதல் மேஜையில் பணம் வாங்குவார்கள், இரண்டாவதில் ரசீது கொடுப்பார்கள். மூன்றாவது மேஜை பணம் கட்டாதவர்களுக்கு. அங்கேதான் மேடம் இருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. எங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டி.சி. வரைக்கும் எல்லா ஒரிஜினலும் அதற்குள்தான் இருக்கும். பீரோ கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் அவர் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். அவர் லேசில் எழுந்திருப்பவர் இல்லை.

ஒல்லியான உடம்பு. நெற்றியில் குங்குமத்துக்குக் கீழே கொஞ்சம் விபூதி. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பதினோரு மணிக்கு ஃபிளாஸ்க்கைத் திறந்தால் பெருங்காய மோர் வாசனை அந்த மாடிப்படி அறை முழுக்கப் பரவும். யார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மூடியில் ஊற்றி நீட்டிவிடுவார். எனக்குப் பெருங்காயம் ஆகாது. வீட்டில் யாரும் அதைத் தொட்டது கிடையாது. ஆனாலும் அந்த மூன்றாவது மேஜையில் நான் குடித்த மோரை அளந்தால் ஒரு குடம் தேறும்.

மறுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தால் பழியைக் கம்ப்யூட்டர் தலையில் போட்டுவிடுவார். “அது எடுத்துக்க மாட்டேங்கறதேப்பா” என்பார், நமக்காக அதனிடம் மன்றாடிப் பார்த்துத் தோற்றவர் போல. இல்லையென்றால், “இன்னிக்கு ஆகாது போல இருக்கே, பாத்துக்கலாம்.” நாளைக்கும் ஆகாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் வெளியே வரும்போது ஏதோ பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி இருக்கும். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் ஒன்றும் நடக்கவில்லை என்பது உறைக்கும்.

ஒரு தடவை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் வந்தார். மகனுடைய டி.சி. உடனே வேண்டும், கட்டணத்தில் ஏதோ தகராறு. காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் கால் மணி நேரம் கத்தினார். கோர்ட் என்றார், பத்திரிகை என்றார், உன் வேலையை வாங்கிவிடுவேன் என்றார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, “சார், தொண்டை வறண்டிருக்கும். உக்காருங்கோ, மோர் சாப்பிடறேளா?” என்றார். அவரும் உட்கார்ந்தார், குடித்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டார். தாங்க்ஸ் சொல்லிவிட்டு வெறுங்கையோடு காரில் ஏறிப் போனார். வரிசையில் நின்ற நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான கோடு போட்ட நோட்டு. பாக்கி வைத்தவர் யார் வந்தாலும், வந்த காரியம் என்னவாக இருந்தாலும், முதலில் அதில் ஒரு வரி எழுதுவார். இன்ன வகுப்பில் படித்த இன்னார், இவ்வளவு கட்ட வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன் என்று. முதலில் பென்சிலால் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, “சரிதானே?” என்று கேட்டு, அப்புறம் அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். நோட்டை நம் பக்கம் திருப்பி, ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தை விரலால் அழுத்திக்கொள்வார். நாம் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் போனால் இன்னொரு வரி, இன்னொரு கையெழுத்து.

நான் அந்த மேஜைக்கு முதலில் போனது எம்.சி.ஏ. கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தி.நகரில் ஒரு சந்துக்குள் சூட்கேஸ் கடை இருந்தது. அவர் பேரில் வாங்கக்கூடிய கடனையெல்லாம் வாங்கித் தீர்த்துவிட்டபடியால், எனக்கு இருபத்தொன்று முடிந்ததும் என் பேரில் ஆரம்பித்தார். பேங்கில் ஒன்று, ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒன்று, போனிலேயே பணம் தரும் ஆப்பில் ஒன்று. காட்டிய இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். ஊரடங்கு வந்தது. வீட்டை விட்டே நகரக் கூடாது என்றபோது சூட்கேஸ் யார் வாங்குவார்கள்? கடை போயிற்று. கடன் மட்டும் என் பேரில் நின்றது. இரண்டாம் வருஷக் கட்டணம் எண்பத்தாறாயிரம் கட்டவே இல்லை. கட்டணம் பாக்கி என்றால் ஹால் டிக்கெட் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள்.

நான் நேராக மேடம் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“சாப்பிட்டியா?”

“இல்ல மேடம்.”

“மொதல்ல போய்ச் சாப்பிடு. வேலை கெடச்சதும் கட்டிடுவே, என்ன?”

“கண்டிப்பா மேடம்.”

ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, முத்திரை குத்தி, ஓரத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். நோட்டில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணினேன். அதற்கப்புறம்தான் மாட்டிக்கொண்டேன்.

வேலை வேண்டுமானால் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் வேண்டுமானால் எண்பத்தாறாயிரம் வேண்டும். எண்பத்தாறாயிரம் வேண்டுமானால் வேலை வேண்டும். பெருங்குடியில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டு, ஒரிஜினலோடு திங்கட்கிழமை வா என்றது. வெள்ளிக்கிழமை மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் அழுதேன். பீரோ எனக்கு இரண்டு முழம் தூரத்தில்தான் இருந்தது. “பாத்துக்கலாம் கொழந்தே” என்று மோரை நீட்டினார். மூடியைத் தட்டிவிட்டேன். மோர் நோட்டில் கொட்டியது. புடவைத் தலைப்பால் ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுத்தார். அந்த வேலை போயிற்று. அன்றைக்கு நான் அவரை வெறுத்த மாதிரி கடன்காரனைக்கூட வெறுத்ததில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், மோர் கொடுப்பவரை என்ன செய்வது?

ஆனால் அதே மேடத்தை இன்னொரு நாள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கரெஸ்பான்டென்ட் அறை. கரெஸ்பான்டென்ட் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், மேடம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் மேடத்தின் வாய் ‘சரி சார்’ என்று அசைவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எண்ண ஆரம்பித்தேன், பதினொன்றில் விட்டுவிட்டேன். எங்களிடம் சொல்லாத ‘முடியாது’வை அவரிடமும் சொல்லத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

இதற்கிடையில் கடன்காரர்கள் அம்மாவின் போனுக்கும் பேச ஆரம்பித்தார்கள். தெருவில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தா வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். மந்தைவெளியில் ஒரு வக்கீல் இருக்கிறார், மஞ்சக் கடுதாசி கொடுத்தால் தொல்லை விடும் என்று யாரோ சொன்னார்கள். திவால் என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்வதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பெரிய வியாபாரிகள் செய்வது என்று நினைத்திருந்தேன். மாணவன் செய்வது என்று கேள்விப்பட்டதே இல்லை.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யார் யாருக்குத் தரணுமோ அல்லாத்தையும் எழுது நைனா. ஒண்ணு வுடக் கூடாது. காலேஜையும் எழுது” என்றார். நோட்டு விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். “ஒவ்வொரு தபா கையெழுத்து போடறப்பவும் அந்தக் கடனுக்கு இன்னும் மூணு வருசம் ஆயுசு குடுத்துகினு வந்துகீறே. அந்தம்மா சும்மா ஆளு இல்லபா.”

மேடத்துக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான்தான் கோபத்தில், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கே போய்க் கத்தியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவராக எனக்குப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“கொழந்தே, ஆத்துலேர்ந்து பேசறேன். அந்த லிஸ்ட்ல எங்க காலேஜ் பேரை மட்டும் எழுதாம இருக்க முடியுமா? மத்ததெல்லாம் எழுதிக்கோ. இது மெதுவாக் கட்டினாப் போறும். பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை.”

“ஏன் மேடம்?”

“இல்லைப்பா, சும்மாத்தான் கேட்டேன்” என்று வைத்துவிட்டார்.

வக்கீலிடம் சொன்னேன். சிரித்தார். “கோர்ட்ல மறைச்சா உனுக்குத்தான் டேஞ்சர். அந்தம்மா காலேஜுக்குப் பேசுது, நீ உனுக்குப் பாரு.” பார்த்தேன். பட்டியலில் நாலாவது பேராகக் கல்லூரியை எழுதினேன். பழிவாங்கிய திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடக்கவில்லை, கோர்ட் ஆயிற்றே. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் நான் திவால் என்று ஆயிற்று. கடன்காரர்கள் இனி என்னிடம் வரக் கூடாது, கேட்பதானால் கோர்ட் நியமித்த அதிகாரியிடம் கணக்குக் கொடுத்துக் கேட்க வேண்டும். கல்லூரியும் கணக்குக் கொடுத்தது. என்னிடம் பங்கு போட என்ன இருந்தது? நாலு விற்காத சூட்கேஸ். சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று வக்கீல் தனியாக ஒரு கடிதம் போட்டார். “அது இன்னா அடகு நகையா?” என்று என்னிடம் கேட்டார், நான்தான் பிடித்து வைத்திருப்பவன் மாதிரி.

ஒரு புதன்கிழமை கூப்பிட்டார்கள். மேடம் எழுந்து நாற்காலியை நகர்த்தி பீரோவைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, பேரும் தேதியும் சரிபார்த்து மேஜையில் வைத்தார். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. மழையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தபோது அத்தனை கட்டுகளையும் அவரே மாடிக்குச் சுமந்ததாகப் பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். என்னுடையதில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. “நன்னா இரு” என்றார் மேடம். நான் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கண்ணைப் பார்க்கவும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திருவான்மியூர் வரைக்கும் நடந்தே போனேன்.

பெருங்குடியிலேயே வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்னும் கொஞ்ச காலத்தில் கோர்ட்டும் என்னைக் கடனிலிருந்து விடுவித்தது. இரண்டு வருஷம் ஓடிற்று. கம்பெனி மாறும்போது, படித்தது உண்மைதான் என்று கல்லூரி முத்திரை வேண்டும் என்றார்கள். மறுபடியும் குனிந்து அந்த அறைக்குள் போனேன்.

மூன்றாவது மேஜையில் அவர் இல்லை, மாடிக்குப் போயிருந்தார். பக்கத்து மேஜைக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“மேடம் இன்னும் ரிட்டயர் ஆகலையா?” என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எப்படி ஆவாங்க? உங்க பாக்கி முடியணும்ல?”

நான் விழித்தேன். அவளே சொன்னாள். பணம் கட்டாத மாணவனுக்கு ஹால் டிக்கெட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்தான் ஜாமீன் என்பது அந்த நிர்வாகத்தின் வழக்கம். “மேடம் குடுத்ததுல பதினோரு பேர் கட்டலை. அதெல்லாம் பாக்கின்னு நிக்குது, என்னிக்காவது வரும்னு மேனேஜ்மென்ட்ல விட்டு வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் மேடம் அந்த நோட்டைத்தான் காட்டுவாங்க, பாருங்க சார், பையன் ஒத்துக்கறான், தருவான்னு. உங்களுது மட்டும்தான் வராதுன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்துடுச்சு. அன்னையிலேர்ந்து மாசம் ரெண்டாயிரம் அவங்க சம்பளத்துல பிடிக்கறாங்க.”

கோயம்புத்தூரில் தங்கை வீட்டோடு போய்விடுவதாக இருந்தாராம். பிடித்து முடிகிற வரைக்கும் ரிலீவ் பண்ண மாட்டார்கள். மீறிப் போனால், வேலைக்குச் சேரும்போது அவர் கொடுத்த சர்டிபிகேட்டும் கிடைக்காது, கிராஜுவிட்டியும் கிடைக்காது. அவருடைய பி.காம். சர்டிபிகேட் அதே பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது என்று அவள் கையைக் காட்டினாள்.

மேடம் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். “அடடே, வா வா, சாப்பிட்டியா?” என்றார். மீதி எவ்வளவோ அதை இன்றைக்கே கட்டிவிடுகிறேன் என்றேன். போனைக் கையில் எடுத்தும் விட்டேன்.

அவர் என் நம்பரைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். என் பேருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது.

“கோர்ட் லெட்டர் வந்ததும் உன் கணக்கை முடிச்சுட்டா. பூஜ்யத்துக்கு எப்படிப்பா ரசீது போடறது? அது எடுத்துக்காது.”

“உங்க கைல குடுக்கறேன் மேடம்.”

“ரசீது இல்லாம ஒரு ஸ்டூடண்ட்கிட்ட ஒரு ரூபா வாங்கினதில்லை. போற காலத்துல அதை வேற பண்ணணுமா?”

“அன்னிக்கு போன்லயே சொல்லியிருக்கலாமே மேடம். உங்க சம்பளத்துல பிடிப்பாங்கன்னு ஒரு வார்த்தை...”

“சொன்னா நீ எழுதாம விட்டிருப்பே. அப்புறம் உனக்குக் கோர்ட்ல ஏதாவது ஆயிட்டா?” நான் கொண்டுபோன காகிதத்தை வாங்கிச் சரிபார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். “இன்னும் ஒண்ணே கால் வருஷம்தான். ஓடிடும்.”

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு மனுஷி இருக்கலாமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். மூன்றாம் வருஷம் படிப்பவள். பாக்கி முப்பத்தெட்டாயிரம், நாளைக்குப் பரீட்சை. மேடம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். பக்கத்து மேஜைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அச்சு எந்திரம் ஓடிற்று. முத்திரை விழுந்தது. ஓரத்தில் சின்னக் கையெழுத்து.

அந்தப் பெண்ணைக் கேன்டீன் பக்கம் பிடித்தேன். “ஒரு நிமிஷம்மா. அந்தப் பணத்தைக் கட்டாம விட்டுடாத. விட்டா மேடம் சம்பளத்துலதான் பிடிப்பாங்க. உனக்குத் தெரியாது.”

“தெரியும்ணா” என்றாள் அவள். “அதனாலதான் மத்தவங்க ரெண்டு பேரும் குடுக்க மாட்டாங்க. மேடம்கிட்ட போனா குடுத்துடுவாங்கன்னு க்ளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க.” ஹால் டிக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படிக்கணும் என்று போய்விட்டாள்.

அவளைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். எந்த வாயால் திட்டுவது? என் பரீட்சைக்கு முந்தின நாளும் இதே கேன்டீனில் நின்றுதான் கூடப் படித்தவன் ஒருவன் சொன்னான்: “மூணாவது டேபிள்ல அந்தம்மாகிட்ட போ மச்சி. குடுத்துடும். கட்டலைன்னா அது தலைலதான் வுழும், நமக்கின்னா?” இத்தனை வருஷம் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்துவிட்டு, போய் மேடம் முன்னால் உட்கார்ந்தேன்.